வேவெஸ்ஸ முதல் 1979 வரை: ஊவாத் தோட்டங்களும் சொத்துச் சேதமும் பயங்கரவாதச் சட்டமும்

1940 இல் ஊவாவில் எழுந்த தோட்ட வேலைநிறுத்த அலையைப் பற்றி எழுதுவோர், லெஸ்லி குணவர்தன 1960 இல் வெளியிட்ட லங்கா சமசமாஜக் கட்சியின் சுருக்க வரலாற்றையே பெரிதும் பின்பற்றுகின்றனர். பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தனர். துரை எனப்படும் தோட்ட அத்தியட்சகர் அதனோடு கலந்து நிர்வாகம் நடத்த உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவைத் துண்டித்த வெள்ளமும் அந்த அலையை ஓயவைத்தன. குணவர்தன தரும் இந்தச் செய்திகளோடு எனக்குப் பிணக்கில்லை. ஆயுதப் பறிப்பை உச்சத்தில் வைத்து, வேவெஸ்ஸவைக் கைகூடாத ஓர் எழுச்சியாக வாசிக்கும் முறையோடுதான் பிணக்கு. தொழிலாளர் கோபத்தை ஆட்சிக்கு எதிரான சதியாகக் காணும் காலனியக் கண்ணுக்கும் இந்த வாசிப்பு நன்றாகவே பொருந்திவிடுகிறது.

குணவர்தன இடையில் சொல்லிக் கடந்துபோகும் செய்தியே எனக்கு முக்கியமானது. துரை சபையோடு உடன்பாட்டுக்கு வந்தார். தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் துரை சொல்வதே சட்டம் என்றிருந்த தோட்டத்தில், சபையோடு பேசியே நிர்வாகம் நடக்கும் என்ற ஏற்பாடு அதிகாரக் கவிழ்ப்பு அன்று, தொழிற்சங்கப் பேரம். பொலிஸ் வருகையை அந்தப் பேரத்தைக் கலைக்க வந்த முயற்சியாகத் தொழிலாளர் கண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதற்கு நேரடிச் சான்று குறைவுதான். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் மாண்டதை மலையகம் அறிந்திருந்தது. துப்பாக்கி தம்மை நோக்கித் திரும்பும் என அஞ்சக் காரணம் இருந்தவர்கள் அதைப் பிடுங்கியதை, அரசைக் கைப்பற்றும் முயற்சியாக வாசிக்க மேலதிகச் சான்று வேண்டும். ஆயுதம் பறித்தது குற்றமே. அதை விசாரிக்க 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை போதுமானதாக இருந்தது. அரசோ ஜூனில் சமசமாஜக் கட்சித் தலைவர்களான என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரை யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின்கீழ் விசாரணையின்றிச் சிறையிட்டது. கட்சியின் யுத்த எதிர்ப்பே அதற்குக் காரணம் என மறுப்போர் உண்டு. அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஊவாவின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க என்னால் இயலவில்லை. ஆனால் யுத்தம் முடிந்த பின்னரும் சாதாரணச் சட்டத்தைத் தாண்டும் அந்த வழக்கம் முடியவில்லை. 1947 பொது வேலைநிறுத்தத்தை எதிர்கொள்ளவே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், 2(1) ஆம் பிரிவின் ஐந்தாவது பந்தி இந்த வரலாற்றில் உரிய கவனம் பெறவில்லை. அரசு, திணைக்களம், நியதிச் சபை, அரச கூட்டுத்தாபனம், வங்கி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சொத்துக்குச் சேதம் விளைவிப்பது அதன்படி ஐந்து முதல் இருபது ஆண்டுச் சிறைக்குரிய குற்றம். சட்டத்தின் முகவுரை, பலாத்காரத்தால் ஆட்சியை மாற்ற முனைவோரைப் பற்றிப் பேசுகிறது. பந்தியோ அத்தகைய நோக்கம் எதையும் கேட்கவில்லை. இதைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1975 காணிச் சீர்திருத்தத் திருத்தத்தின் பின் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் வந்தன. அதனால் 1979 இல் தொழிற்சாலையின் ஜன்னல், கொழுந்து லொறி, துரை பங்களா யாவும் நியதிச் சபையின் அல்லது கூட்டுத்தாபனத்தின் சொத்து. முன்பு தண்டனைச் சட்டக்கோவைக்குள் அடங்கிய ஒரு கல்லெறி, உடைமை கைமாறியதால் மட்டுமே பயங்கரவாதத்தின் எல்லைக்குள் வந்தது. சட்டத்தை வரைந்தோர் மலையகத்தை மனதில் வைத்தே வரைந்தனர் என நான் சொல்லவில்லை. அவர்கள் பார்வை வடக்கிலேயே இருந்திருக்கலாம். 1992 இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனாலும் நிலத்தின் உரிமை அரசிடமே தங்கியது என்பதால் இச்சிக்கல் முற்றாகத் தீரவுமில்லை.

கடும் சேதத்துக்குக் கடும் சட்டம் வேண்டாமா என்பது வலுவான மறுப்பு. 2022 மே 9 வன்முறையில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவவில் நாடாளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார். கொலைக்கும் தீவைப்புக்கும் தண்டனைச் சட்டக்கோவையில் இடமுண்டு. பொதுச்சொத்துக்கென 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. பயங்கரவாதச் சட்டம் இவற்றோடு கூட்டுவது நீண்ட தடுப்புக் காவலையும், பொலிஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்பதையுமே. குற்றத்தின் பாரம் இச்சட்டத்தின் பிரயோகத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஊவாவே சான்று. 2000 அக்டோபர் 25 இல் பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்த கும்பல், தமிழ்த் தடுப்புக் கைதிகளை வெட்டியும் எரித்தும் கொன்றது. தொகை 26 என்றும் 27 என்றும் சொல்லப்படுகிறது. அவ்வழக்கு கொலை, சட்டவிரோதக் கூட்டம் என்ற சாதாரணக் குற்றச்சாட்டுகளில்தான் நடந்தது. 2005 இல் உயர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் எஞ்சியவர்களையும் விடுவித்தது. அவர்கள் மீது பயங்கரவாதச் சட்டம் பாய்ந்திருக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். அத்தனை உயிர்களைப் பறித்த கும்பலுக்கே சாதாரணச் சட்டம் போதுமென்று கருதிய அரசு, 2022 ஓகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதச் சட்டத்தில் அடைத்தது. 2023 ஜனவரி 31 இல் கொழும்பு பிரதான நீதவான் அவரை அதிலிருந்து விடுவித்தார்.

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2004 ஆம் ஆண்டுத் தீர்மானம் 1566, உயிரிழப்பு, கடும் காயம், பணயம்பிடித்தல் ஆகியவற்றை நாடும் செயல்களையே குறிக்கிறது. வெறும் சொத்துச் சேதம் அதில் இல்லை. 2023 இல் வெளியான பயங்கரவாத எதிர்ப்பு மசோதாவோ சொத்துச் சேதத்தை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது. 1979 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக எச்சட்டம் வந்தாலும் அந்த ஐந்தாவது பந்தி அதில் இடம்பெறக் கூடாது.