கொண்டுவிக்கப் போனவர்கள்

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பட்டியலை ஒப்பிப்பார்கள்: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஜப்பானியப் பூ ஓடு, சுவீடன் இனாமல் பாத்திரம். அவற்றை வாங்கிச் சேர்த்த மனிதர் தம் ஆயுளில் எத்தனை வருஷம் அந்த வீட்டுக்கு வெளியே கிடந்தார் என்பது அந்தப் பட்டியலில் வராது. வீட்டின் வரலாற்றில் பாதி அதுதான்.

1852இல் ஆங்கிலேயர் கீழ்பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளெல்லாம் நெல்வயலாயின. உலகம் முழுக்க பர்மா அரிசி போயிற்று. காடு வெட்டவும், மாடு வாங்கவும், நாற்று நடவும் பர்மிய உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வங்கிகள் அவனை வாசற்படி ஏற்றவில்லை. கொடுத்தவர்கள் செட்டியார்கள் எனப்படும் நகரத்தார். 1929-30இல் பர்மாவில் அமைந்த வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, அங்கே செட்டியார்களின் வட்டிக்கடைகள் ஏறத்தாழ 1,650. அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், மேடான், சைகோன் எல்லாம் இதற்கு வெளியே. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று ஒரு சிறிய வட்டாரத்து ஊர்களிலிருந்து போன ஆண்கள்தாம் இத்தனை கடைகளையும் நடத்தினார்கள்.

வியாபாரத்துக்காகக் கடல் தாண்டுவதை அவர்கள் 'கொண்டுவிக்கப் போதல்' என்றார்கள். பணம் போட்ட முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கப்பல் ஏறுகிறவர் அவருடைய ஏஜெண்டு. புறப்படும் முன் சம்பளச் சீட்டு எழுதப்படும். பொதுவாக மூன்று வருஷத் தவணை. மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வரும். கடை லாபத்தில் சிறு பங்கும் உண்டு. போகிறவனுக்கும் வீட்டில் இருக்கிறவளுக்கும் திரும்பும் காலம் முதல் நாளே தெரியும். பிரிவைத் தாங்கும் வழிகளில் இதைவிடப் பெரியது இல்லை என்றே தோன்றுகிறது. அதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப்போன மக்களோ, கடன் தீர்ந்தால்தான் ஊர் என்ற நிலையில் இருந்தார்கள்.

நல்ல நாள் பார்த்து, குலத்துக்குரிய கோயிலில் கும்பிட்டு, உறவுமுறை வீடுகளில் சொல்லிக்கொண்டு புறப்படுவார்கள். சென்னையிலிருந்து ரங்கூனுக்கு மூன்று நான்கு நாள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ ஒரு வாரம். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்கள் பல தலைமுறைத் தமிழர்கள்.

போய் இறங்கிய இடத்தில் அவர்களைத் தாங்கியது கிட்டங்கி. நீண்ட கூடம், அதில் வரிசையாகப் பல கடைகள். ஒரு கடைக்கு ஒரு சிறு இடம், அதில் ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் ஒரு பாய். பகலில் அந்தப் பெட்டிமேல் கணக்கு எழுதுவார்கள். இரவில் அங்கேயே படுப்பார்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிநிலை. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதக் கற்று, ஒருநாள் தானே மேலாள் ஆவான். சமையலுக்குப் பொதுவில் ஆள். ஊர்ச் சாப்பாடு, ஊர்ப் பேச்சு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், கொழும்புச் செட்டியார் தெருவிலும், ரங்கூன் முகல் தெருவிலும் இதே ஏற்பாடுதான். தனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொள்ள முடியாத வாழ்க்கை அது. தனியாக உட்கார்ந்து மனம் குமைய இடம் கொடுக்காத வாழ்க்கையும் அதுதான்.

போன ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் கட்டப்பட்டது. பழனிக்கு நடந்து காவடி எடுத்துப் பழகியவர்களுக்குத் தைப்பூசம் கடலுக்கு அந்தப்பக்கமும் தவறவில்லை. கோயில் வெறும் கும்பிடும் இடமாகவும் இருக்கவில்லை. ரங்கூனில் ஒவ்வொரு தமிழ் மாதமும் அங்கே கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கோயில் பணமும் கடைகளில் வட்டிக்குப் புழங்கியது. சாமியும் ஒரு வரவு வைத்திருந்த சபையில் கணக்கைப் புரட்டுகிறவனுக்கு எந்த ஊரிலும் நிழல் கிடைக்காது.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் ஏஜெண்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஊரில் இருந்த அவர் மனைவியை, ஆச்சியை, பற்றி எழுதியது குறைவு. பிரிந்திருந்த மூன்று வருஷமும் இரண்டு பேருக்கும் மூன்று வருஷம்தானே? நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்ற வழக்கம் உண்டு. கல்யாணமான மகனும் மருமகளும் அதே பெரிய வீட்டுக்குள்ளேயே தனியாகப் பொங்கித் தின்னும்படி, நெல்லும் பணமும் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டியது அவர்கள் பாடு. கணவன் பர்மாவில் இருக்க, இருபது வயதுப் பெண் தன் அடுப்பையும் பிள்ளைகளையும் தன் வரவுசெலவையும் தானே பார்த்துக்கொண்டாள். சீர்ப் பணம் அவள் பெயரில் வட்டிக்குப் போகும். கடைக் கணக்குகளில் அதற்கு 'ஆச்சிமார் பணம்' என்று தனித் தலைப்பே உண்டு. மாமியார், நாத்தனார், ஓர்ப்படியாள் எல்லாரும் ஒரே கூரைக்குள் இருந்ததால் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆள் இருந்தது. ஆனால் அப்பன் கப்பல் ஏறிய பிறகு பிறந்த பிள்ளை, அவனை முதல்முதலாகப் பார்க்கும்போது ஓடியாடிப் பேசும் வயதில் இருந்தது. எந்த ஏற்பாடும் அதை ஈடுகட்டவில்லை.

தவணை முடிவதற்குள் அடுத்த ஏஜெண்டு வந்து சேர்வார். கடனாளி யார், நாணயஸ்தன் யார் என்று காட்டிக் கொடுத்து, பேரேட்டை ஒப்படைத்து, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கை எடுத்துக்கொண்டு பழையவர் கிளம்புவார். ஊருக்கு வந்தால் முதலாளியிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு கிடைக்கிற காலத்தில்தான் வீடு கட்டுவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, கோயில் திருப்பணி எல்லாம். பிறகு மறுபடி சீட்டு, மறுபடி கப்பல். இப்படிப் போய் வந்தவர்களோடு பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி இன்றும் செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் இனிப்பாக நிற்கிறது.

இந்த ஒழுங்கை உடைத்தது 1930. நெல் விலை சரிந்தது; கடன்பட்ட உழவனால் கட்ட முடியவில்லை; நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது 6 விழுக்காடு நிலம். 1938இல் 25 விழுக்காடு. விவசாயம் அவர்கள் தொழிலே இல்லை, திரும்பி வரும் பணம்தான் தேவை. ஆனாலும் பாட்டன் காடு வெட்டித் திருத்திய வயலை இழந்த பர்மியன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பணத்தை நிலமாக மாற்றிக்கொண்ட அன்றே, தவணை முடிந்து பெட்டி கட்டும் சுதந்திரமும் போயிற்று.

1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்களிடம் ஒப்பிக்கக் கணக்கும் இல்லை, வாங்கச் சம்பளப் பாக்கியும் இல்லை.

அந்தக் காலத்தை உள்ளிருந்து எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மேடானுக்குக் கடைவேலைக்குப் போய், போருக்குப் பின் திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. வட்டிக்கடைப் பையன்களின் பேச்சும் ஏக்கமும் தமிழில் இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் பதிவாகவில்லை.

விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962இல் ராணுவம் ஆட்சிக்கு வந்து, இரண்டே ஆண்டில் கடைகளையும் அரசுடைமையாக்கியது. அதற்குப் பின் லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இவர்களில் செட்டியார்கள் சிலரே. கூலிகளாகவும் சிறு கடைக்காரர்களாகவும் போனவர்களின் மக்கள்தாம் அதிகம். பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தாய்நாடு என்று அனுப்பப்பட்ட மண்ணை முதல்முறையாக மிதித்தார்கள். அரசு குடியிருப்புக்கு இடமும் தொழிலுக்குச் சிறு கடனும் கொடுத்தது. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் அப்படி வந்ததுதான். அதன் பக்கத்துத் தெருக்களில் மாலையானால் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கிறார்கள். காரைக்குடியிலும் ஒரு பர்மா காலனி இருக்கிறது. மூன்று வருஷச் சீட்டுடன் ஆள் அனுப்பிய ஊரில், சீட்டே இல்லாமல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே குடியிருக்கிறார்கள்.