கறி வேகும் நேரம்

ஆரப்பாளையத்தில் என் வீட்டுச் சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு ஓடிஜி அடுப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிலோ மாட்டுத் தொடைக்கறியை வெட்டாமல் முழுத் துண்டாக அதில் வைக்கிறேன். மிளகு, சோம்பு, பூண்டு, உப்பு அரைத்துத் தடவி முந்தின இரவே ஊறவைத்தது. அடியில் சின்ன வெங்காயமும் ஒரு தம்ளர் தண்ணீரும். தட்டை அலுமினியத் தாளால் இறுக மூடிவிடுவேன். 150 டிகிரியில் மூன்று மணி நேரம். அவ்வப்போது டைமரைத் திருகினால் போதும். விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்துவிடலாம்.

அம்மாவுக்கு அப்படி உட்கார வாய்த்ததில்லை. அன்று காம்பவுண்டு வீடு, விறகடுப்பு. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று, எல்லாரும் படுத்த பிறகே கறிச்சட்டியை ஏற்றுவார். குக்கர் விசிலடித்தால் காம்பவுண்டுக்கே கேட்டுவிடும். சன்னலைச் சாத்திக்கொண்டு, ஊதாங்குழலோடு விழித்திருப்பார். “பெரிய கறி வேகுறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்” என்பார். அலுப்பில் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். அந்த அலுப்புக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது.

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டை வெட்டச் சான்றிதழ் வேண்டும். மாடு 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததாக இருக்க வேண்டும்; அல்லது நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். உழுது, வண்டி இழுத்து இறுகிய தசை அது. அதிலுள்ள இணைப்புத் திசு மெல்லிய சூட்டில், ஈரத்தில், மணிக்கணக்கில்தான் கரையும். அவசரப்படுத்தினால் ரப்பர். இளம் மாட்டுக்கு எழுதிய வெளிநாட்டுச் செய்முறை இங்கே பலிக்காததும் இதனால்தான். சட்டம் பேசியது மாட்டின் வயதை. கறி வேகும்வரை கண்விழித்த பெண்களின் கணக்கு அதில் இல்லை.

நான் சங்க இலக்கியம் நடத்துகிறவள். அகநானூற்றின் 309ஆம் பாடலில், ஆநிரை கவர்ந்த மழவர் தெய்வம் உறையும் வேம்படியில் கொழுத்த பசுவைக் கொன்று, அகன்ற பாறையில் புழுக்கிய ஊனை உண்கிறார்கள். வெட்டவெளியில் உண்கிறார்கள். “ஊன்” என்று மட்டும் சொல்லி அந்த இடத்தை வகுப்பில் வேகமாகக் கடந்துபோன ஆண்டுகள் எனக்கும் உண்டு. அம்மா சாத்திய சன்னலைத்தான் நானும் சாத்தியிருக்கிறேன்.

2017 மே மாதம், சந்தையில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு அறிவித்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனவர்களில் ஒருவர், மதுரை வழக்கறிஞர் செல்வகோமதி. மே 30 அன்று நான்கு வாரத் தடை கிடைத்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. எதை உண்பது என்ற கேள்வியை ஒரு பெண் பகலில், நீதிமன்றத்தில் கேட்டார் என்பது அன்று எனக்குப் பெரிதாக இருந்தது.

போன ஞாயிறு அம்மா வந்திருந்தார். “இதுக்கு யாரும் பக்கத்துல இருக்க வேண்டாமா?” என்று இரண்டு முறை கேட்டார். மணம் எழுந்ததும், தன்னையறியாமல் போய்ச் சன்னலைச் சாத்தினார். நான் திறந்தேன். மறுபடி சாத்தினார்.