இரண்டு மெட்காஃப்களும் நம் வீட்டு பிரிண்டரும்



வீட்டுக்கு பிரிண்டர் வாங்கியவர்கள் பலர், அது வைஃபையில் சேர மறுக்கிறது என்கிறார்கள். வழி சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. அச்சு இயந்திரத்தை யார் தொடலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி.

தமிழில் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். பிறகு 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்தது. சீகன்பால்கு அதில் தமிழ் நூல்களை அச்சிட்டார். இரண்டுமே கிறித்தவ மதப் பணியாளர்களின் முயற்சி. கம்பெனி ஆட்சியிலோ அச்சுக்கு உரிமம், தணிக்கை என்று பல கட்டுப்பாடுகள். சாதாரணக் குடிமகன் அச்சகம் வைப்பது எளிதாக இல்லை.

1835-இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த சார்லஸ் மெட்காஃப் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கினார். எங்கே அச்சகம் இருக்கிறது, யார் நடத்துகிறார் என்று அறிவித்தால் போதும் என்று சட்டம் வந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டு ஊர்களில் அச்சகங்கள் பெருகின. புராணம், நாடகப் பாட்டு, பள்ளிப் பாடநூல், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அச்சேறின. அந்த வெள்ளத்தில் கிடைத்ததையெல்லாம் ஒதுக்காமல் சேர்த்தவர் நம் காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரின் ரோஜா முத்தையா. அவர் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும்தான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன.

இனி இன்னொரு மெட்காஃப். இவர் ராபர்ட் மெட்காஃப், அமெரிக்கப் பொறியாளர். நாம் நகல் எடுக்கும் கடையையே 'ஜெராக்ஸ் கடை' என்கிறோம் அல்லவா? அதே ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் லேசர் பிரிண்டரை உருவாக்கியிருந்தார். நொடிக்கு ஒரு பக்கம் அடிக்கும் இயந்திரம். கூடத்தில் பல கணினிகள் இருந்தாலும் ஆளுக்கு ஒன்று தர முடியாத விலை. எல்லாக் கணினிகளும் ஒரே பிரிண்டருக்கு வேகமாகப் பக்கங்களை அனுப்ப ஒரு வழி வேண்டும். 1973 மே 22 அன்று அதற்கான திட்டத்தை மெட்காஃப் ஒரு குறிப்பாக எழுதினார். டேவிட் போக்ஸ் என்பவருடன் சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். அதன் பெயர்தான் ஈதர்நெட். இன்று உங்கள் மோடத்தின் பின்னால் சொருகும் லேன் கேபிள் அதன் வாரிசு.

ஆக, இணையத்தில் படம் பார்க்கப் பயன்படும் இந்தக் கேபிளின் முதல் வேலைகளில் ஒன்று, ஒரு பிரிண்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ள உதவுவது! முதல் மெட்காஃப் அச்சுக்கூடத்தின் கதவைத் திறந்தார். 138 ஆண்டு கழித்து இரண்டாமவர் அதற்குப் பாதை போட்டார். 1997-இல் வைஃபைக்கான தரம் வந்ததும் கம்பி இல்லாமலும் அந்தப் பாதை அமைந்தது. 2010-இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்தபின் கைபேசியிலிருந்தே அச்சிட முடிந்தது.

இப்போது நம் ஊர் வீட்டுக்கு வருவோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் வீடு. செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான சுவர்கள். மோடம் முகப்பில், பிரிண்டர் இரண்டாங்கட்டில் என்றால் அலை அங்கே போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும். ஆகவே மூன்று விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, மோடம் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே புரியும். பிரிண்டரை அதில் சேருங்கள். சுவரைத் தாண்டுவதிலும் அதுவே மேல்.

இரண்டு, நேற்று வரை அச்சடித்த பிரிண்டர் கரண்ட் போய் வந்ததும் 'காணவில்லை' என்று சொல்லும். பெரும்பாலும் மோடம் அதற்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருக்கும். வீட்டுக் கதவு எண் மாறினால் தபால்காரர் என்ன செய்வார்? மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டருக்கென்று ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

மூன்று, பிரிண்டரில் லேன் துளை இருந்தால் மோடத்திலிருந்து கேபிளையே இழுத்துவிடுங்கள். 1973-இன் வழி இன்னும் கெட்டுப்போகவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் சில ரூபாய்க்கு அச்சிட்டுத் தருகிறார்களே என்று கேட்கலாம். கடைக்கு நாம் வாட்ஸாப்பில் அனுப்புவது எதை? ஆதார், பான் அட்டை, பென்ஷன் புத்தகம், பத்திர நகல். தாளை நாம் வாங்கி வந்துவிடுகிறோம். கோப்பு அந்தக் கைபேசியிலும் கணினியிலும் தங்கிவிடுகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குப் பின் அந்தக் கணினி யார் கைக்குப் போகும்? வயதானவர்கள் உள்ள வீட்டில் இதை அவசியம் யோசியுங்கள். வீட்டு பிரிண்டரிலும் கவனம் வேண்டும். அதோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். விற்கும்போதோ கொடுக்கும்போதோ பழைய அமைப்பை முழுதும் அழித்துவிடுங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு சைக்ளோஸ்டைல் கேள்வித்தாள் நினைவிருக்கும். ஸ்டென்சில் தாளில் கீறி, மை தடவி, உருளையைச் சுற்றி எடுப்போம். அந்த இயந்திரம் இருந்த அறையின் சாவி ஒருவரிடம்தான் இருக்கும். இன்று பேத்தி வளவில் உட்கார்ந்தபடி தன் கட்டுரையை அச்சிடுகிறாள், ஆச்சி அடுத்த அறையிலிருந்து மருந்துச் சீட்டை அச்சிடுகிறார். சாவி இப்போது வீட்டில் எல்லோரிடமும் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.