'டூ' என்னும் ஆங்கில வினையின் வரலாறு

அரசர்க்கும் அரசுகளுக்கும் வரலாறு உள்ளதுபோலச் சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஆங்கிலத்தில் மிகப் பயின்று வழங்கும் வினைகளுள் 'டூ' என்பது ஒன்று. செய்தல் என்பது அதன் பொருளென அகராதிகள் கூறும். ஆயினும், 'டூ யூ கோ?' என வினாவுமிடத்தும், 'ஐ டூ நொட் கோ' என மறுக்குமிடத்தும் அச்செய்தற்பொருள் சிறிதும் இல்லை. பொருளற்ற சொல்லொன்று வாக்கியத்தினுள் எதற்காகப் புகுந்தது என மாணாக்கர் வினாவின், "அஃது இலக்கண விதி" என விடைகூறி அமைதல் ஆசிரியர்க்கு எளிது. ஆனால், அவ்விதி பிறந்த வரலாற்றைக் கூறுதலே பயன் மிகுதியும் தருவது. அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இச்சொல்லின் பழைய வடிவம் 'டோன்' என்பது. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுதற்கு முன்னரே அது செய்தல், வைத்தல் என்னும் இரு பொருளும் பட வழங்கிற்று. உடை அணிதலைக் குறிக்கும் 'டொன்' என்னும் சொல் 'டூ ஒன்' என்பதன் மரூஉ. களைதலைக் குறிக்கும் 'டொஃப்' என்பது 'டூ ஒஃப்' என்பதன் மரூஉ. வைத்தற்பொருள் இவ்விரண்டினும் இன்றும் எஞ்சி நிற்கின்றது. வடமொழியில் வைத்தற்பொருள் தரும் 'தா' என்னும் வினையடி இதற்கு இனமானது என்பர் மொழிநூலார். கொடுத்தற்பொருள் தரும் 'தா' வேறு. தாது, விதி, நிதி, சந்தி என நாம் எடுத்தாளும் வடசொற்கள் அவ்வடியிற் பிறந்தவை. ஆகவே, மாணாக்கரை மயக்கும் 'டூ' என்பதும், அதனை ஆளும் 'விதி' என்பதும் ஒரே மூலத்தின் வழிவந்தவை ஆதல் காண்க.

இடைக்கால ஆங்கிலத்தில் இவ்வினை பிறிதொரு வினையின் முன்னின்று, பிறரைக் கொண்டு செய்வித்தல் என்னும் பொருளையும் தந்தது. ஈண்டு நம் இலக்கண நூலார் வகுத்த இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்னும் பாகுபாட்டை நினைவுகூர்தல் தகும். அரசன் கோயில் கட்டினான் என்னுமிடத்து, கல் சுமந்தவன் அரசன் அல்லன். கட்டுவித்தான் என்பதே கருத்து. இத்தகைய இடங்களிற் கட்டினான், கட்டுவித்தான் என்பவற்றிடையே வேறுபாடு மங்குதல் இயல்பு. அவ்வாறு மங்கியபோது ஆங்கிலத்தில் 'டூ' தன் பொருளை இழந்து வெறுந் துணைவினையாயிற்று என 1953 இல் வெளியான தம் ஆராய்ச்சி நூலிற் சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்வர் எல்லேகோர்ட் விளக்கினார். கெல்திய மொழிகளின் சார்பினால் இவ்வழக்கு எழுந்தது என்பாரும் உளர். அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிச் செய்யுள்களில் தலைகாட்டிய இத்துணைவினை, பதினாறாம் நூற்றாண்டில் விரைந்து பரவிற்று. செகப்பிரியர் காலத்தில் (1564–1616) 'டூ' சேர்ந்த வழக்கும் சேராத வழக்கும் ஒருங்கே நிலவின. 1611 இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், மத்தேயு 6ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்திலே, அடுத்தடுத்து வரும் இரண்டு எதிர்மறைகளுள் ஒன்று 'டூ' இன்றியும் மற்றையது 'டூ' பெற்றும் அமைந்துள்ளன. அந்நாளிலே ஒரே வாக்கியத்தில் இரண்டும் குற்றமின்றி நின்றன.

இவ்வழக்கு நிலைபெற்றமைக்குக் காரணம் யாது? பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் நிறைந்திருந்தன. அவை தேய்ந்தபின், சொற்கள் நிற்கும் வரிசையே பொருளை உணர்த்துவதாயிற்று. 'வென்ட் ஹீ?' என வினையை முன்னே கொணர்ந்து வினாவுதல் அவ்வரிசையைக் குலைப்பது. 'டிட் ஹீ கோ?' எனின், 'டிட்' முன்னே நின்று காலத்தையும் வினாவையும் தாங்க, 'ஹீ கோ' என்னும் வரிசை குலையாது நிற்கும். 1957 இல் நோம் சொம்ஸ்கியும் தம் நூலில் 'டூ' என்பதைக் காலங்காட்டும் உறுப்பைத் தாங்கும் சொல்லாகவே கொண்டார்.

வினாவும் எதிர்மறையும் அல்லாத சாதாரண வாக்கியங்களிலும் 'டூ' ஒருகாற் புகுந்தது; ஆயினும், பதினாறாம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்களவு உயர்ந்து, பின்னர் வீழ்ந்தது. செய்யுளில் அடிநிரப்புதற்கு அதனைப் பயன்படுத்தும் புலவரை 1711 இல் அலெக்சாந்தர் போப் எள்ளி நகையாடினார். 1755 இல் சாமுவேல் ஜோன்சன் தம் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில், அவ்வாறு வேண்டாது சேர்த்தலைக் குற்றமென்றார். இன்று அவ்விடத்தில் வலியுறுத்தற் பொருளுக்கே பெரும்பாலும் அது வரும்.

தமிழின் நிலை யாது? வரிசையை மாற்றாமலே 'ஆ' என்னும் இடைச்சொல்லைக் கூட்டிப் 'போனானா?' என வினாவுகின்றோம். ஆதலின் வினாவுக்குத் துணைவினை வேண்டுவதில்லை. எதிர்மறையிலோ நம் மொழியும் மாறியே வந்துள்ளது. 'சென்றிலன்' என முற்காலத்தார் கூறியதை நாம் 'செல்லவில்லை' என்கின்றோம். தலைமைவினை காலமின்றி நிற்க, பிறிதொரு சொல் மறுத்தலைத் தாங்குகின்றது. இன்னும், தொல்காப்பியரும் பவணந்தி முனிவரும் எல்லா வினைகளுக்கும் பொதுவாகச் 'செய்' என்னும் வினையையே கொண்டு, செய்து, செய்பு, செயின் என வாய்பாடு வகுத்தனர். எவ்வினைக்கும் பதிலாக நிற்கும் ஆற்றல் செய்தற்சொல்லுக்கு உண்டு என்பதை அவர் நன்குணர்ந்திருந்தனர்.

இன்று நம் பாடசாலைகளில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகின்றது. 'டிட் ஹீ வென்ட்?' என எழுதும் மாணாக்கனின் அப்பியாசக் கொப்பியிற் சிவப்பு மையாற் கோடிடுகின்றோம். கோடிடல் வேண்டியதே. ஆயினும், அவன் அறிவிலி அல்லன். நிகழ்ச்சி இறந்தகாலத்தது என உணர்ந்து, அக்காலத்தை ஒருமுறைக்கு இருமுறை காட்டிவிட்டான், அவ்வளவே. காலத்தை 'டிட்' தாங்கிவிட்டது, 'கோ' வெறுமனே நிற்கலாம் என அவனுக்குக் காரணங்காட்டின் மறவான். கோடு மட்டும் கண்டவனோ, ஆங்கிலத்தில் வாய்திறக்கவே அஞ்சுவான்; அவ்வச்சத்தோடு பாடசாலையை விட்டு நீங்குவோர் பலர். ஆங்கில மக்களே பல நூற்றாண்டுகள் தடுமாறித் தெளிந்த வழக்கு இதுவென அறியும் மாணாக்கனுக்கு அவ்வச்சம் குறையும். இலக்கணங் கற்பிப்போர் விதியோடு அதன் வரலாற்றையும் சிறிது கூறுதல் நன்று.