சூரிய ஒளிவினையூக்கம்

சூரிய ஒளிவினையூக்கம் என்பது, வெயில் பட்டதும் செயல்படத் தொடங்கும் வினையூக்கியைக் கொண்டு, நீரிலுள்ள சாயம், பூச்சிக்கொல்லி, மருந்து எச்சம், பீனால் போன்ற கரிம மாசுகளைச் சிதைக்கும் முறை. வடிகட்டலும் கரியில் உறிஞ்சலும் மாசை இடம் மாற்றுகின்றன; இது மூலக்கூறையே உடைக்கிறது. வினை முழுமையடைந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் குளோரைடு, நைட்ரேட் போன்ற எளிய அயனிகளுமே எஞ்சும்.

பெரிதும் பயன்படும் வினையூக்கி டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்ட்டுக்கு நிறம் தரும் அதே தூள்தான். மணவாளக்குறிச்சிக் கருமணலிலுள்ள இல்மனைட் அதன் மூலக் கனிமங்களுள் ஒன்று. அனடேஸ் வடிவில் இதன் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் பட்டால், எலக்ட்ரான் ஒன்று கடத்தல் பட்டைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற இடம் நேர்மின் துளையாகிறது. துளை, நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. கரைந்துள்ள ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் போதாவிட்டால் எலக்ட்ரான் துளைக்கே திரும்பிவிடும், ஆற்றல் வெப்பமாக வீணாகும். ஆகவே நீருக்குள் காற்றைச் செலுத்துவதுண்டு. ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஓசோனையும் விஞ்சிய ஆக்சிஜனேற்றி. பெரும்பாலான கரிமப் பொருள்களைத் தாக்கும்.

ஜப்பானியர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்ததை 1972இல் வெளியிட்டனர். மாசு நீக்கத்துக்கு இதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் 1976, 1977இலேயே வந்துவிட்டன.

ஆனால் தரையை எட்டும் வெயிலில் புறஊதாவின் பங்கு சுமார் 5 விழுக்காடுதான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் பயன்படுத்த, நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு, கார்பன் நைட்ரைடு முதலியவை உருவாக்கப்பட்டுள்ளன. இவற்றின் திறனுக்குச் சான்றாக மெத்திலீன் நீலம் வெளுத்ததைக் காட்டும் ஆய்வுகள் ஏராளம். அது போதாத சான்று. சாயமே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குத் தரக்கூடும். நிறம் போன பிறகும் கரிமத் துண்டுகள் நீரில் இருக்கலாம். மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்பதே நம்பத்தக்க அளவுகோல்.

ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில், தபெர்னாஸ் பாலைநிலத்திலுள்ள சூரிய ஆய்வு மையம் இத்துறையில் முன்னோடி. அங்கே கண்ணாடிக் குழாய்களில் நீர் சுழல்கிறது. பின்னாலுள்ள வளைந்த அலுமினியத் தகடுகள் மேகத்தால் சிதறிய ஒளியையும் குழாய்மீது திருப்புகின்றன. பசுமைக்குடில் வேளாண்மை மிகுந்த அம்மாகாணத்தில், பூச்சிமருந்துக் கலன்களைக் கழுவிய நீரைச் சுத்திகரிக்க, இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஒளி-ஃபென்டன் முறை கையாளப்பட்டது. புலப்படும் ஒளியில் ஒரு பகுதியையும் பயன்படுத்துவதால் அது விரைவானது. ஆனால் நீரை pH 2.8 அளவுக்கு அமிலமாக்கி, பின்னர் நடுநிலைப்படுத்த வேண்டும்.

டைட்டானியம் டை ஆக்சைடின் நானோ தூளை நீரிலிருந்து மீட்பது கடினம். கண்ணாடியில் பூசினாலோ வினைப்பரப்பு குறைகிறது. கழிவுநீரிலுள்ள பைகார்பனேட் முதலியவை தனி உறுப்புகளை வீணே செலவழிக்கின்றன. எனவே, உயிரியல் சுத்திகரிப்புக்குத் தப்பிய மாசை ஒழிக்கும் இறுதிக் கட்டமாகவே இம்முறை பொருந்தும். உப்பை இது நீக்காது. திருப்பூர்ச் சாயக்கழிவைப் போன்ற நீரில் நிறம் முழுதும் போனாலும், உப்பைப் பிரிக்கச் சவ்வூடு முறையும் ஆவியாக்கலும் தேவைப்படும்.