ஊட்டியில் எல்க் எப்படி வந்தது? ஒரு பெயரும் ஒரு வேட்டையும்

அம்பத்தூர், ஆவடி பக்கம் இருக்கிறவங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் பழக்கமான ரயில். சென்ட்ரலில் இரவு கிளம்பி, நம்ம ஸ்டேஷன்களில் நிற்காமல் தடதடவென்று போகும். காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து மேலே ஏறினால் ஊட்டி. ஊட்டியைச் சுற்றி நிற்கும் மலைகளின் பெயர்களைக் கவனிச்சிருக்கீங்களா? தொட்டபெட்டா படகர் பெயர், சரி. ஸ்னோடன் வேல்ஸில் உள்ள மலையின் பெயர், அதுவும் புரிகிறது. எல்க் ஹில்? அங்கே முருகன் கோயில் இருக்கிறது. எல்க் இருந்ததா?

இருந்திருக்க முடியாது. எல்க் என்ற சொல்லுக்கு ஐரோப்பாவில் ஒரு விலங்கு, அமெரிக்காவில் வேறொரு விலங்கு. ஐரோப்பாவில் எல்க் என்றால் ஸ்வீடன், ரஷ்யக் காடுகளில் திரியும், கொம்பு உள்ளங்கை மாதிரி விரிந்திருக்கும் பெரிய விலங்கு. அதையே அமெரிக்காக்காரர்கள் மூஸ் என்பார்கள். அமெரிக்காவில் எல்க் என்றால் வாபிடி, ராக்கி மலைகளில் கூட்டமாக மேயும் பெரிய மான். இரண்டுமே பனிநாட்டு விலங்குகள். விந்திய மலைக்குத் தெற்கே இரண்டுமே கிடையாது.

அப்ப ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் எல்க் என்று எதைச் சொன்னார்கள்? நம்ம கடமானைத்தான். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் மிளா. மலையாளத்தில் ம்லாவு, கன்னடத்தில் கடவெ. இலங்கைத் தமிழர்கள் மரை என்பார்கள், சிங்களத்தில் கோனா. இன்றைய ஆங்கிலத்தில் சாம்பர். (இட்லிக்கு ஊற்றுகிற சாம்பாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மானின் பெயர் வடமொழி வழியாக வந்தது.)

இது ஒரு மானோடு நிற்கவில்லை. வரையாட்டுக்கு ஐபெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள், அது ஆல்ப்ஸ் மலை ஆடு. காட்டெருமைக்கு பைசன். ஊரில் கேள்விப்பட்ட வேட்டை விலங்குகளின் பெயர்களை எல்லாம் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டார்கள். குளிரும் இருந்தது, மலையும் இருந்தது, டிசம்பர் ஜனவரியில் புல்மேல் உறைபனியும் இருந்தது. பெரிய மான் ஒன்றும் கிடைத்துவிட்டால் அது எல்க்காகத்தானே இருக்கணும்!

பூந்தமல்லி வழியாக மலைக்கு

ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1820களில் ஊட்டி வெள்ளைக்காரர்களின் ஊராக வளரத் தொடங்கியது. காய்ச்சலிலும் வெயிலிலும் வாடிய மதராஸ் ராணுவத்துக்கு அது உடம்பு தேறும் இடம். அன்றைக்கு மதராஸிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு முதல் கட்டம் நம்ம பூந்தமல்லி சாலைதான். பூந்தமல்லியில் ஐரோப்பியப் படைவீரர்களுக்கான டெப்போவும் இருந்தது. அங்கிருந்து ஆற்காடு, வேலூர், சேலம் என்று பல்லக்கிலும் மாட்டுவண்டியிலும் நாள்கணக்கில் பயணம்.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது, அம்பத்தூர் ஆவடி நிலங்களைக் கடந்துதான். 1873இல் தண்டவாளம் மேட்டுப்பாளையத்தைத் தொட்டது. நாள்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. லீவு எடுத்து, துப்பாக்கியோடு மலைக்குப் போய்விட்டு வருவது சாதாரண அதிகாரிக்கும் சாத்தியமானது. இதன் விலையைக் கடமான் கொடுத்தது.

பனித்தடத்துக்குப் பதில் பனித்துளித் தடம்

ராக்கி மலையில் எல்க் வேட்டைக்குப் போகிறவருக்குப் பனி பெரிய உதவி. புதுப்பனி விழுந்த காலையில் குளம்புத் தடம் எழுதி வைத்த மாதிரி தெரியும். தடத்தின் விளிம்பு கூராக இருந்தால் புதுசு, உருகி உறைந்திருந்தால் பழசு. குளிர் கூடக்கூட எல்க் கூட்டம் உயரத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும், வேட்டைக்காரரும் அந்தப் பாதையிலேயே காத்திருப்பார்.

நீலகிரியில் பனிப்பொழிவு கிடையாது. ஆனால் அதற்கு ஈடான ஒன்று உண்டு. மேல்மலை முழுக்கப் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சின்னச் சின்னச் சோலைக்காடு. கடமான் இரவில் புல்வெளியில் மேயும், விடிவதற்குள் சோலைக்குள் ஒதுங்கிவிடும். அது நடந்துபோன இடத்தில் புல்லின் பனித்துளியோ உறைபனியோ உதிர்ந்து, வெளுத்த சரிவில் கரும்பச்சைக் கோடு ஒன்று விழும். சூரியன் ஏறினால் அந்தக் கோடு காணாமல் போய்விடும். அதற்குள் பார்க்கணும்.

மற்ற அடையாளங்கள் இரண்டு ஊருக்கும் பொது. கொம்பின் மேல்தோல் உரியும் காலத்தில் மரப்பட்டையில் தேய்த்த காயம், புரண்டெழுந்த சேற்றுக்குழி, புழுக்கையின் ஈரம். ஆனால் கடமான் வாபிடி மாதிரி பெரிய கூட்டமாகச் சேராது. கிடா பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த உடம்பு சோலைக்குள் அசையாமல் நின்றால், பக்கத்தில் போனாலும் தெரியாது. அதனால் ஆட்களையும் நாய்களையும் ஒரு பக்கம் உள்ளே விட்டுக் கலைப்பார்கள். துப்பாக்கிக்காரர் மறுபக்கம் வழியில் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கோட்டைப் படித்தது யார், எந்த வழியாக மான் வெளியேறும் என்று சொன்னது யார் என்பதுதான் என் கேள்வி. ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகளை அவருடைய சகோதரர் எட்வர்ட் தொகுக்க, 1892இல் புத்தகமாக வந்தது. அதே 1892இல் லண்டனில் ரோலண்ட் வார்டு, உலகத்துப் பெரிய கொம்புகளின் அளவுப் பட்டியலை முதல்முறையாக வெளியிட்டார். அந்தக் காலம் அப்படி, கொம்பு எத்தனை அங்குலம் என்பது பதிவாகும். மலையைத் தெரிந்து வழிகாட்டியவர்கள் இந்த வகை எழுத்துகளில் பெரும்பாலும் 'ஷிகாரி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

இலங்கையில் நாயும் கத்தியும்

நுவரெலியாவில் கதை இன்னும் முரட்டுத்தனமானது. பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டவர் என்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்பு 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறினார். அவரும் மரையை எல்க் என்றே எழுதினார். வேட்டைநாய்க் கூட்டத்தை அவிழ்த்துவிடுவார். துரத்தப்பட்ட மரை ஓடையில் இறங்கி நின்று நாய்களை எதிர்க்கும். இவர் கத்தியோடு தண்ணீரில் இறங்குவார். துப்பாக்கியால் சுடுவது ஆண்மையில்லை என்பது அவர் கணக்கு. ஹோர்டன் சமவெளியில் அவர் பெயரில் ஒரு அருவியே இருக்கிறது. அங்கே ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதியும் உண்டு. இப்ப அது தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையம். மரைகள் இன்றும் அந்தப் புல்வெளியில் மேய்கின்றன.

சுட்டவர்களே போட்ட சட்டம்

நீலகிரியில் 1870களுக்குள் மான் குறைந்துவிட்டது. சுட்டவர்களே கவலைப்பட ஆரம்பித்தார்கள். 'ஹாக்-ஐ' என்ற புனைபெயரில் எழுதியவர் டக்ளஸின் இன்னொரு சகோதரர் ரிச்சர்ட் ஹாமில்டன். இப்படியே போனால் வேட்டைக்கே ஒன்றும் மிஞ்சாது என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1877இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் பிறந்தது. 1879இல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட மாதங்களில் குறிப்பிட்ட விலங்குகளைக் கொல்வதும் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் தன் வேட்டை நண்பர்களோடு பூன் அண்ட் க்ராக்கெட் சங்கத்தைத் தொடங்கியது 1887இல்தான். வயோமிங்கில் எல்க்குக்கென்று தனிப் புகலிடம் அமைந்தது 1912இல். அவர்களுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஊட்டியில் அதே யோசனை நடைமுறைக்கு வந்துவிட்டது.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தானா? பாதி ஆமாம். வரையாடும் கடமானும் நீலகிரியில் இன்னும் இருப்பதற்கு அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்தச் சங்கம் வேட்டையை விட்டுவிட்டு, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாக இன்றும் இயங்குகிறது. மறுபாதியையும் பார்க்கணும். இந்த விதிகள் ஓய்வுக்குச் சுடுகிறவரின் வசதிக்குப் பொருந்தியவை. சீசன் முடியும்வரை அவர் சும்மா இருக்கலாம், நஷ்டமில்லை. வலையும் கண்ணியும் வைத்து இறைச்சிக்காக வேட்டையாடிய மலைமக்களுக்கு அந்த மாதங்களிலும் பசிக்கும். பனித்துளிக் கோட்டைக் காட்டும்வரை ஷிகாரி, அவரே தன் வீட்டுக்காக ஒரு மானைப் பிடித்தால் திருடர். ஒரே காடு, ஒரே மான், ஒரே திறமைதான்.

1972இல் வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எல்லோருடைய வேட்டைக்கும் கடும் கட்டுப்பாடு வைத்தது. முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவானது.

பெயர் மட்டும் எல்க் ஹில்லில் தங்கிவிட்டது. கடமான் மலை என்று கூப்பிட்டிருந்தால் அங்கே என்ன இருந்தது என்பதாவது தெரிந்திருக்கும். அந்த மலைக்குப் படகர், தோடர் மொழிகளில் பழைய பெயர் ஏதாவது உண்டா என்று நீலகிரி நண்பர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்க, இந்தக் கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன்.