சுங்க முத்திரையிலிருந்து தீயரண் கணக்கு வரை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நாற்பது வருஷம் கழித்தவன் நான். கிடங்குக்குப் பூட்டு அவசியம்தான். ஆனால் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று சொல்கிற பேரேடு இல்லாவிட்டால் பூட்டு இருந்தும் பிரயோஜனமில்லை. நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. புகார்த் துறையில் பண்டங்களுக்குப் புலி முத்திரை குத்திய சுங்கக் காவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது.

கணினி வலைக்கும் அப்படியொரு சுங்கச்சாவடி உண்டு. அதுவே ஃபயர்வால் எனும் தீயரண். 1988 நவம்பர் 2-ல் மோரிஸ் புழு பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய பிறகுதான் இதன் தேவை பலருக்கும் உறைத்தது. அதே ஆண்டு லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்த டிசிபிடம்ப் என்ற கட்டளை, கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களை வரிவரியாகக் காட்டியது. லினக்ஸில் 1994-ல் ஆலன் காக்ஸ், பிஎஸ்டியின் ஐபிஎஃப்டபிள்யூவைக் கொண்டுவந்தார். ரஸ்டி ரஸ்ஸலின் ஐபிசெயின்ஸ் 1999-ல் வந்த லினக்ஸ் 2.2-லும், ஐபிடேபிள்ஸ் 2001-ல் வந்த 2.4-லும் இடம்பெற்றன. 2014-ல் என்எஃப்டேபிள்ஸ் சேர்ந்தது.

ஐபிடேபிள்ஸிடம் விரிவான பட்டியல் கேட்டால், ஒவ்வொரு விதிக்கும் எத்தனை பொட்டலம், எத்தனை பைட் என்று இரண்டு எண்கள் வரும். அசல் பேரேடுதான்! என்எஃப்டேபிள்ஸிலோ, எண்ணும்படி விதியிலேயே எழுதி வைத்தால்தான் கணக்கு கிடைக்கும்.

இதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் கடையில் சாயங்காலமானால் மெயில் போகாது. கப்பல் காகிதம் அனுப்ப முடியாமல் ஒரு சரக்கே தாமதமாயிற்று. இணைய இணைப்பைக் குறை சொன்னோம். தீயரணைப் பார்த்தால் "இயங்குகிறது" என்றே காட்டியது. கடைசியில் என் மகன் கட்டளைத் திரையில் இணைப்பு எண்ணிக்கையைக் கேட்டான். அது உச்சவரம்பைத் தொட்டிருந்தது. அட்டவணை நிரம்பியதால் புதிய பொட்டலங்களைக் கைவிடுவதாகக் கெர்னல் பதிவேடும் சொன்னது. கிருமி புகுந்த எங்கள் பழைய கணினி ஒன்று ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்தபடி இருந்தது. அதைக் கழற்றியதும் எல்லாம் சரியாயிற்று.

இயங்குகிறது என்பது நிலை; எவ்வளவு தாங்குகிறது என்பது திறன். இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். இந்தக் கருவிகளுக்குக் காசும் வேண்டாம். கேரளப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பழகுகிறார்கள். அவர்களைக் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். பூட்டைப் பார்க்கும்போது பேரேட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.